மாக்ஸ் முல்லரின் இரண்டு புள்ளிகள்

சென்னையில் ஜெர்மன் படிக்கப் போகிறவர் முதலில் பார்க்கும் பெயர்ப்பலகையிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. கோத்தே இன்ஸ்டிடியூட், மாக்ஸ் முல்லர் பவன். ஆங்கில எழுத்தில் கோத்தேயின் பெயரில் ஓ-வை அடுத்து ஓர் ஈ. முல்லரின் பெயரில் யூ-வை அடுத்து ஓர் ஈ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் கவிஞர் கோத்தேயின் பெயர் ஜெர்மனியிலும் ஓஈ என்றுதான் எழுதப்படுகிறது. Ö போட்டால் பிழை. ரிக் வேதத்தைப் பதிப்பித்த முல்லரின் பெயரில் இருப்பதோ ü. அதை இரண்டு எழுத்தாகப் பிரித்துப் பலகையில் போட்டிருக்கிறார்கள். எந்த ஈ பெயரோடு பிறந்தது, எந்த ஈ வசதிக்காக வந்தது என்று பலகை சொல்லாது. கணினிக்கும் தெரியாது.

ஆங்கிலத்தில் இல்லாத ஜெர்மன் எழுத்துகள் நான்கு: ä, ö, ü, ß. முதல் மூன்றையும் உம்லவுட் என்பார்கள், நான்காவதை எஸ்செட். ‘புள்ளிதானே, விட்டுவிட்டால் என்ன’ என்பவர்களுக்கு: முட்டர் என்றால் அம்மா. அந்த யூ-வின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் அம்மாக்கள். ட்ஸாலன் என்றால் பணம் கொடுப்பது. ஏ-வை ä ஆக்கினால் ட்ஸேலன், எண்ணுவது. ட்ருக்கன் அச்சிடுவது, அதே சொல்லில் ü வந்தால் அழுத்துவது, கதவில் எழுதியிருக்கும் ‘தள்ளு’ அதுதான். கல்லூரிக்கு எழுதும் மின்னஞ்சலில் புள்ளியில்லாமல் எழுதினாலும் படிப்பவர் புரிந்துகொள்வார். கூடவே, எழுதியவருக்கு இன்னும் மொழி பிடிபடவில்லை என்றும் புரிந்துகொள்வார்.

விண்டோஸில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது ஆல்ட் எண்கள். இடப்பக்க ஆல்ட் விசையை அழுத்தியபடி, கீபோர்டின் வலப்புறம் உள்ள எண் தொகுதியில் எண்ணைத் தட்டி, ஆல்ட்டை விட வேண்டும். ä-வுக்கு 0228, ö-வுக்கு 0246, ü-வுக்கு 0252, ß-க்கு 0223. பெரிய எழுத்துகளுக்கு Ä 0196, Ö 0214, Ü 0220. மேல் வரிசை எண்களில் தட்டினால் வேலை செய்யாது. எண் தொகுதியே இல்லாத சிறிய லேப்டாப்பில் இந்த வழி அங்கேயே முடிந்தது. நம்லாக் அணைந்திருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். எண் தொகுதியின் 4 என்பது இடப்பக்க அம்புக்குறியும்கூட. ஆல்ட்டோடு சேர்ந்தால் பிரவுசருக்கு அது ‘முந்தைய பக்கத்துக்குப் போ’. 0246 தட்டும்போது நடுவில் 4 வந்ததும், பாதி நிரப்பிய படிவம் கண்ணைவிட்டு மறைந்துவிடும்.

முன்னால் வரும் அந்தப் பூஜ்யம் சும்மா இல்லை. பூஜ்யத்தோடு தட்டினால் விண்டோஸ் தன் 1252 என்ற எழுத்து அட்டவணையைப் பார்க்கும். பூஜ்யம் இல்லாவிட்டால் டாஸ் காலத்துப் பழைய அட்டவணையை. பழைய அட்டவணையில் ä-வின் எண் 132, ö 148, ü 129, ß 225. இரண்டு பட்டியலையும் அரைகுறையாக மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 132 என்றால் ä. 0132 என்றால் ஜெர்மன்காரர்கள் வரியின் அடியில் தொடங்கும் மேற்கோள் குறி „. 225 என்றால் ß. 0225 என்றால் á. ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பூஜ்யம் உள்ளதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ß விஷயத்தில் கண் ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. கிரேக்க பீட்டாவான β-வை எங்கிருந்தோ நகலெடுத்து ß-க்குப் பதிலாக ஒட்டிவிடுவார்கள். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு ß-இன் எண் 223, பீட்டாவின் எண் 946; இரண்டும் வெவ்வேறு மொழியின் எழுத்துகள். பீட்டா போட்ட தெருப் பெயரைத் தேடினால் கிடைக்காது, எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடும், வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் அந்த ஓர் எழுத்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும்: பீட்டாவின் கால் வரிக்குக் கீழே இறங்கும், ß வரியிலேயே நிற்கும்.

நாளுக்கு ஒரு சொல் எழுதுகிறவருக்கு ஆல்ட் எண் போதும். ஒரு பத்தி எழுத வேண்டுமென்றால் லேஅவுட்டை, அதாவது எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்ற அமைப்பை, மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். இங்கேதான் ஆலோசனைகள் இரண்டாகப் பிரியும்: ஜெர்மன் லேஅவுட்டா, அமெரிக்க இன்டர்நேஷனலா?

ஜெர்மன் லேஅவுட்டில் நான்கு எழுத்துக்கும் தனி விசை உண்டு. நம் கீபோர்டில் ; இருக்கும் இடம் ö, அதன் வலப்பக்கம் ' இருக்கும் இடம் ä, [ இருக்கும் இடம் ü, பூஜ்யத்துக்கு அடுத்துள்ள - இருக்கும் இடம் ß. வேகத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. விலை என்னவென்றால், ஒய்யும் இசட்டும் இடம் மாறும். குறியீடுகள் ஊரே மாறிப்போகும். @ வேண்டுமென்றால் வலப்பக்க ஆல்ட்டோடு க்யூ. நெளிவு அடைப்புக்குறிகள் வலப்பக்க ஆல்ட்டோடு 7, 0. சதுர அடைப்புக்குறிகள் 8, 9. சாய்கோடு ஷிஃப்ட்டோடு 7. இன்னொரு விஷயம், கீபோர்டு வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஜெர்மனியில் விற்கும் கீபோர்டில் இடப்பக்க ஷிஃப்ட்டுக்கும் கடைசி வரிசையின் முதல் எழுத்துக்கும் நடுவே கூடுதலாக ஒரு விசை இருக்கும். <, >, | மூன்றும் அதில்தான் இருக்கின்றன. இங்கே பரவலாக விற்கும் அமெரிக்க அமைப்புக் கீபோர்டில் அந்த விசையே கிடையாது. ஆகவே ஜெர்மன் லேஅவுட்டில் இருக்கும்வரை இந்த மூன்றையும் தட்ட விசை இல்லை. கட்டுரை எழுதுகிறவருக்கு இது பொருட்டில்லை. நிரல் எழுதுகிறவர் அரை மணி நேரத்தில் பழைய லேஅவுட்டுக்கு ஓடிவந்துவிடுவார்.

தமிழிலும் தட்டுகிறவர்களுக்கு அமெரிக்க இன்டர்நேஷனலே சரி என்பேன். காரணம் எளிது. ஏற்கெனவே தமிழ்99 ஒன்று, ஆங்கிலம் ஒன்று என இரண்டு லேஅவுட் இருக்கிறது. ஜெர்மனைச் சேர்த்தால் மூன்று. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி மூன்றுக்குள் சுற்றிச்சுற்றி வரும்போது எதில் நிற்கிறோம் என்பது எப்போதும் ஒரு தட்டு தள்ளியே தெரியவரும். இன்டர்நேஷனல் என்பது ஆங்கில லேஅவுட்தான். அதற்குள்ளேயே ஜெர்மன் எழுத்துகளும் உண்டு. பழைய ஆங்கிலத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டால் எண்ணிக்கை இரண்டிலேயே நிற்கும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து நேரம்-மொழி, அதில் மொழி-வட்டாரம் என்று போங்கள். ஆங்கிலத்துக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி மொழி விருப்பங்கள், அதில் கீபோர்டு சேர்க்கும் பொத்தான். பட்டியலில் யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்த்த கையோடு பழைய அமெரிக்க லேஅவுட்டை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் பட்டியலில் நின்று குழப்பும். இனி வலப்பக்க ஆல்ட்டோடு க்யூ தட்டினால் ä, பி தட்டினால் ö, ஒய் தட்டினால் ü, எஸ் தட்டினால் ß. ஷிஃப்ட்டும் சேர்த்தால் பெரிய உம்லவுட் எழுத்துகள்.

இதிலும் முள் உண்டு. இந்த லேஅவுட்டில் மேற்கோள் குறிகள் ‘காத்திருக்கும்’ விசைகள். இரட்டை மேற்கோளைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்து ஏ தட்டினால் இரண்டும் சேர்ந்து ä ஆகும். ஜெர்மன் எழுத இது இன்னொரு வழி. ஆங்கிலம் எழுதும்போதோ, மேற்கோளுக்குள் உயிரெழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லும் முதல் எழுத்திலேயே புள்ளி வாங்கிக்கொள்ளும். மேற்கோளைத் தட்டி ஒரு ஸ்பேஸ் கொடுத்தால் மேற்கோள் மட்டும் விழும்; ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். பழகாதவர்கள் யூர்கீ என்ற இலவச லேஅவுட்டைப் பார்க்கலாம். அதில் மேற்கோள்கள் வழக்கம்போலவே இருக்கும். வலப்பக்க ஆல்ட்டோடு ஏ, ஓ, யூ, எஸ் தட்டினால் அந்தந்த ஜெர்மன் எழுத்து, மனப்பாடமே தேவையில்லை. விண்டோஸுக்கு வலப்பக்க ஆல்ட் என்பது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததுக்குச் சமம். அந்த இரண்டையும் வைத்துத் தனக்கென்று குறுக்குவழி வைத்திருக்கும் சில செயலிகள் உங்கள் எழுத்தை விழுங்கிவிட்டு வேறு எதையாவது திறக்கும். அப்போது குற்றம் லேஅவுட்டில் இல்லை; அந்தச் செயலியின் குறுக்குவழியைத்தான் மாற்ற வேண்டும்.

வேர்டுக்குள் மட்டும் எழுதுகிறவருக்கு லேஅவுட்டே மாற்றத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், முக்காற்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு எழுத்தைத் தட்டினால் உம்லவுட்; கன்ட்ரோல், ஷிஃப்ட், & சேர்த்து அழுத்திவிட்டு எஸ் தட்டினால் ß. மேக்கில் ஆப்ஷனோடு யூ, பிறகு எழுத்து. ß-க்கு ஆப்ஷனோடு எஸ். அல்லது எழுத்தை அழுத்திப் பிடித்தால் மேலே சிறு பட்டியல் எழும், அதிலுள்ள எண்ணைத் தட்டலாம். லினக்ஸில் கீபோர்டு அமைப்பில் ஏதாவது ஒரு விசையைக் கம்போஸ் என்று அறிவித்துவிட்டால், கம்போஸ், இரட்டை மேற்கோள், ஏ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட ä. கம்போஸ், எஸ், எஸ் தட்ட ß. நினைவில் நிற்கும்படி யோசித்து வைத்திருப்பது இது ஒன்றுதான். கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும்.

சரி, எழுத்தைத் தட்டியாயிற்று. அது போய்ச் சேரும் இடத்தில் அதே எழுத்தாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ü-வின் எண் 252. பழைய மேற்கு ஐரோப்பிய முறையில் கோப்பில் அது ஒரே பைட், 252. யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட், 195-உம் 188-உம். அந்த இரண்டு பைட்டை ஒரு செயலி பழைய முறையில் படித்தால் 195 Ã ஆகும், 188 ¼ ஆகும். ü இருக்க வேண்டிய இடத்தில் Ã¼ நிற்பது இதனால்தான். அதேபோல ä உடைந்தால் Ã¤, ö உடைந்தால் Ã¶, ß உடைந்தால் ÃŸ. தமிழ் வாசகருக்கு இந்த நோய் பழக்கமானதே. நம் எழுத்து இதே முறையில் உடைந்தால் ஒவ்வொரு எழுத்தும் à® அல்லது à¯ என்று தொடங்கும், தமிழுக்கு மூன்று பைட் என்பதால் குப்பையும் கூடுதல். Ã தெரிந்தால் பதற வேண்டாம், தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது, படித்த முறைதான் தவறு. ஆனால் அந்தக் கோலத்திலேயே யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டால் உடைசல் கோப்புக்குள் பதிந்துவிடும்; மறுபடி தவறாகத் திறந்தால் ü என்பது ÃƒÂ¼ என நான்கு எழுத்தாகப் பெருகும். எத்தனை முறை கெடுத்திருக்கிறார்கள் என்று நீளத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

எதிர்த்திசை இன்னும் மோசம். பழைய முறையில் எழுதிய கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால், தனியே நிற்கும் 252-க்கு அந்த முறையில் அர்த்தமே இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி � வரும். அதைச் சேமித்தால் ä, ö, ü, ß எல்லாம் ஒரே வைரமாகிவிடும். எது எதுவாக இருந்தது என்பதைத் திரும்பப் பெற வழியில்லை. வைரம் தெரிந்த நிமிடம் சேமிக்காமல் மூடுங்கள்.

அலுவலகங்களில் இது அன்றாடம் நடக்கும் இடம் எக்ஸெல். ஏதோ ஒரு செயலி பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு), யூடிஎஃப்-8 முறையில் தரும். அதை இருமுறை கிளிக் செய்து எக்ஸெலில் திறந்தால், கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று காட்டும் மூன்று பைட் முத்திரை இல்லாதபோது எக்ஸெல் பழைய முறை என்றே எடுத்துக்கொள்ளும். எல்லா முல்லர்களும் Ã¼ ஆவார்கள். திறப்பதற்குப் பதில், வெற்றுத் தாளில் டேட்டா பட்டியலிலிருந்து ‘டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி-யிலிருந்து’ என்பதை எடுத்து, கோப்பின் மூலம் என்ற கட்டத்தில் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும் கோப்பில் பத்திகளைப் பிரிப்பது காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியாக இருக்கும். அங்கே தசமப் புள்ளியின் வேலையைக் காற்புள்ளி பார்க்கிறது. எழுத்து முறையையும் பத்திப் பிரிப்பையும் அதே திரையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொல்லையின் வேர் ஆழமானது. ஓர் எழுத்துக்கு ஏழு பிட் மட்டும் என்றிருந்த காலத்தில் 128 இடம்தான் இருந்தது, எல்லாவற்றையும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் டின் 66003 தரம், தங்கள் எழுத்துக்காகக் குறியீடுகளை வெளியேற்றியது. { இருந்த இடத்தில் ä, | இருந்த இடத்தில் ö, } இருந்த இடத்தில் ü, ~ இருந்த இடத்தில் ß. கடிதம் எழுத நன்றாக இருந்தது. சி மொழியில் எழுதிய நிரலை அந்தத் திரையில் பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் ä-வில் தொடங்கி ü-வில் முடியும். ஆங்கிலத்தின் இடத்தில் தமிழைக் குடியேற்றிய பாமினி எழுத்துருவின் காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறுஞ்செய்தியில் மட்டும் ஜெர்மன்காரர்களுக்கு யோகம். ஜிஎஸ்எம் கைபேசிகளின் அடிப்படை எழுத்துப் பட்டியலிலேயே ä, ö, ü, ß உண்டு. ஆகவே ஒரு செய்திக்கு முழுசாக 160 எழுத்து. தமிழில் ஓர் எழுத்து நுழைந்தாலே அது 70 ஆகிவிடும்.

இனி, பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒன்று. ஒரே ü-வைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்க முடியும்: 252 என்ற ஒற்றை எழுத்தாக, அல்லது யூ என்ற எழுத்தும் 776 என்ற ஒட்டுப்புள்ளியுமாக. தமிழில் ‘கொ’ எழுதும்போது கொம்பும் காலும் தனித்தனியாகச் சேரலாம், ஒரே ‘ொ’ குறியாகவும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. அதே கதைதான். மேக்கின் பழைய கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே வைத்தது. அங்கிருந்து வந்த கோப்பை விண்டோஸிலோ லினக்ஸிலோ தேடினால் கண் முன்னே இருக்கும் பெயர் ‘இல்லை’ என்று வரும்; சில சமயம் ஒரே பெயரில் இரண்டு கோப்பு அருகருகே உட்கார்ந்திருக்கும். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த உரையிலும் இது வரும். கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். பல எடிட்டர்களில் புள்ளி மட்டும் அழிந்து யூ மிஞ்சும். மிஞ்சினால் அது பிரிந்த வடிவம். நிரலில் ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி என்ற ஒன்றுசேர்த்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதே மருந்து.

ß-க்கு வெகுகாலம் பெரிய எழுத்தே கிடையாது. எஸ்எஸ் என்று எழுதினார்கள். பெரிய ẞ யூனிகோடில் 7838 என்ற எண்ணோடு 2008-இல் நுழைந்தது, ஜெர்மன் எழுத்திலக்கணக் குழு 2017 ஜூன் 29 அன்று அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. விண்டோஸின் ஜெர்மன் லேஅவுட்டில் வலப்பக்க ஆல்ட், ஷிஃப்ட், ß மூன்றும் சேர்ந்தால் வரும். ஷிஃப்ட்டோடு ß மட்டும் என்றால் கேள்விக்குறிதான். ஆனால் பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ பெரிய எழுத்தாக்கச் சொன்னால் இன்றும் ß இரண்டு எஸ் ஆகும். கால்பந்தைக் குறிக்கும் ஃபுஸ்பால் என்ற சொல்லுக்கு ஏழு எழுத்து, பெரிதாக்கினால் எட்டு. ஏழெழுத்துக்கு அளந்து வைத்த கட்டத்தில் கடைசி எழுத்து வெட்டுப்படும். திரும்பச் சிறிதாக்கினாலும் ß வராது. பெயரைப் பெரிய எழுத்தில் மட்டும் சேமிக்கும் தரவுத்தளம், அசலைத் தொலைத்துவிட்ட தரவுத்தளம்.

எழுத்தே கிடைக்காத இடத்தில் ஏஈ, ஓஈ, யூஈ, எஸ்எஸ் என்று பிரித்து எழுதலாம். ஜெர்மானியர்களே ஏற்கும் முறை. வெறும் ஏ, ஓ, யூ என்று புள்ளியை உதிர்ப்பதுதான் பிழை. சுவிட்சர்லாந்தில் ß-ஐயே எழுதுவதில்லை, எப்போதும் எஸ்எஸ்தான்; அங்கே அனுப்பும் கடிதத்தில் ß தேடி அலைய வேண்டாம். ஜெர்மன் கடவுச்சீட்டில் பெயர் ü-வோடு அச்சாகி, கீழே இயந்திரம் படிக்கும் வரியில் யூஈ என்று இருக்கும். விமானச் சீட்டில் போட வேண்டியது அந்தக் கீழ் வரியில் உள்ளபடி.

பிரித்ததை மீண்டும் சேர்க்கும்போதுதான் ஆபத்து. ஒரு கோப்பில் உள்ள எல்லா யூஈ-யையும் ü ஆக்கு என்று ஒரே கட்டளையில் மாற்றினால், ‘புதிய’ என்று பொருள்படும் நொயெ என்ற சாதாரணச் சொல் கெடும். அதன் கடைசி யூஈ உம்லவுட்டே இல்லை. ஏஈ-யை மாற்றினால் இஸ்ரேல் சிதையும், ஓஈ-யை மாற்றினால் கவிஞரைக் குறிக்கும் சொல்லும் கோத்தேயும் சேர்ந்தே சிதைவார்கள். வெஸ்ட்ஃபாலியாவில் ஸோஸ்ட் என்ற ஊர் பெயரில் ஓ-வுக்குப் பின் ஈ உண்டு. அந்த ஈ, ஓ-வை நெடிலாக்க மட்டுமே நிற்கிறது, ö அல்ல. எஸ்எஸ்-ஐ ß ஆக்குவதும் அப்படித்தான்: ß நெடிலுக்கும் கூட்டுயிருக்கும் பிறகே வரும், குறிலுக்குப் பின் எஸ்எஸ். சொற்பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் அதுவும் போதாது, அசல் ஆவணத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அகரவரிசைக்கும் இரண்டு விதி. டின் 5007-இன் முதல் முறையில், அகராதிகளுக்காக, ä என்பது ஏ-க்குச் சமம். இரண்டாம் முறையில், பெயர்ப் பட்டியல்களுக்காக, ஏஈ-க்குச் சமம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பெயர்களை வரிசைப்படுத்த ஜெர்மன்2 என்று பெயரில் உள்ள ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், ü போட்ட முல்லரும் யூஈ போட்ட முல்லரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். தேடலுக்கும் அதுவே வசதி.

ஜெர்மனியின் .டிஇ இணைய முகவரிகளில் 2004 மார்ச் முதல் உம்லவுட்டும் 2010 முதல் ß-உம் அனுமதி. மின்னஞ்சலில் @-க்கு முன்னால் உள்ள பகுதியில் மட்டும் இன்றும் யூஈ போடுவதே பாதுகாப்பு. எல்லாச் சேவையகமும் ü-வை ஏற்காது. கடவுச்சொல்லில் இந்த நான்கையும் தவிர்த்துவிடுங்கள். கணினி விழித்தெழும்போது உள்நுழைவுத் திரை எந்த லேஅவுட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது, தட்டுவதும் கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மன் லேஅவுட்டைப் போட்ட மறுநாள் காலை சரியான கடவுச்சொல்லையே கணினி மறுத்தால், அதில் ஒய்யோ இசட்டோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒன்றின் இடத்தில் மற்றதைத் தட்டுங்கள்.